வண்டியின் நீளமும் மேடையின் நீளமும்

காலை ஏழரை மணி. நிலையத்து மேடையில் மக்கள் மூன்று வரிசையாய் நிற்கின்றனர். வண்டி வருகின்றது, கதவு திறக்கின்றது, இருவர் இறங்க, நால்வர் நெருக்கிக்கொண்டு ஏறுகின்றனர், கதவு மூடுகின்றது. எஞ்சியோர் அடுத்த வண்டியை எதிர்நோக்கி நின்ற இடத்திலேயே நிற்கின்றனர். அதே வண்டியை நண்பகலில் பார்த்தால் பெட்டிக்கு எட்டுப் பேர் அமர்ந்திருப்பர். எஞ்சிய இருக்கைகளெல்லாம் வெறுமையாய்ச் செல்லும். இவ்விரு காட்சிகளையும் கண்டவர் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுவது இயல்பே. காலையில் இன்னும் இரண்டு பெட்டிகளைக் கோத்தால் என்ன? நண்பகலில் இரண்டு பெட்டிகளைக் கழற்றிவிட்டால் என்ன?

வினாக்கள் எளியவை, விடைகள் அத்துணை எளியவையல்ல. வண்டியிலே இடம் கிடையாமல் நிற்பவர் பெரும்பாலும் சொந்த ஊர்தி இல்லாதவர். வேலைக்கு விரையும் தாய்மாரும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும், முதல் பாடவேளைக்கு மணியடிக்குமுன் வகுப்பிற்குள் நுழைய வேண்டிய ஆசிரியரும் அவருள் அடங்குவர். அவர்கள் ஏற முடியாமற் போவதற்குக் காரணம் அன்றைய காலையில் எவரோ செய்த தவறு அன்று. பல வேளைகளில் அது பாதை கட்டப்படுவதற்கு முன்பே, ஒரு பயணியும் ஏறாத காலத்திலேயே, வரைபடத்தின் மீது செய்யப்பட்ட ஒரு முடிவின் விளைவாகும். அம்முடிவு யாது, அது எவ்வாறு செய்யப்படுகின்றது, பிற்காலத்தில் அதனைத் திருத்த இயலுமா என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

சொல்லைப் பற்றி ஒரு சொல். 'புகைவண்டி' என்று நம் முன்னோர் பெயரிட்டது அவர் காலத்திற்குப் பொருந்தியது. இன்று புகையில்லை, பெயர் மட்டும் புகைந்துகொண்டிருக்கின்றது. 'தொடர்வண்டி' என்னும் பெயரோ பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து வருதலைக் குறிப்பது. தொடரிலே எத்தனை பெட்டிகள் இருத்தல் வேண்டும் என்பதே நம் ஆராய்ச்சியாதலின், இக்கட்டுரைக்கு அப்பெயரே ஏற்றது.

கூட்டத்தை அளப்பது எவ்வாறு?

ஒரு பாதையில் நாளொன்றுக்கு இத்தனை இலட்சம் பேர் பயணஞ்செய்கின்றனர் என்று செய்தித்தாளிற் படிக்கின்றோம். பெருமை பேசுவதற்கு அவ்வெண் பயன்படும். வண்டியின் நீளத்தை முடிவு செய்வதற்குப் பயன்படாது. பள்ளிக்கூட வாயிலை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் மாணவர் பயிலும் பள்ளியில், நாள் முழுவதும் மாணவர் ஒவ்வொருவராய் வெளியேறுவராயின் ஒற்றைக் கதவே போதும். ஆனால், பள்ளி விடும் மணி அடித்த ஐந்து நிமிடத்தில் ஆயிரவரும் வாயிலுக்கு வந்துவிடுகின்றனர். வாயிலின் அகலத்தை முடிவு செய்வது அந்த ஐந்து நிமிடமேயன்றி அந்த நாள் அன்று.

தொடர்வண்டிக்கும் இக்கணக்கே பொருந்தும். கணக்கு விளங்குவதற்காக ஒரு பாதையைக் கற்பனை செய்துகொள்வோம். நாளொன்றுக்கு 1,00,000 பயணங்கள். 18 மணி நேரம் வண்டி ஓடுகின்றது. நான்கு நிமிடத்திற்கு ஒரு வண்டி, அஃதாவது மணிக்கு 15 வண்டிகள். சராசரி பார்த்தால் ஒரு திசையில் மணிக்கு 2,778 பேர். வண்டி ஒன்றுக்கு 185 பேர். 'இருநூறு பேர் கொள்ளும் வண்டி தாராளம்' என்று கணக்குப்பிள்ளை சொல்லிவிடுவார். ஆனால், காலைக் கூட்டம் ஒரே திசையில், நகரத்தை நோக்கிச் செல்வது. அந்தத் திசையில் நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் 10,000 பேர் ஏறுகின்றனர் என்க. அவர்களுள் நகரத்திற்குச் சற்று முன்னுள்ள இரு நிலையங்களுக்கிடையே ஒரே சமயத்தில் வண்டியில் இருப்போர் 7,000 பேர். அந்த 7,000 பேரும் மணி முழுவதும் சீராக வருவதில்லை. வேலை தொடங்கும் நேரத்தையொட்டிய கால் மணியில் மட்டும் 2,200 பேர் வந்துவிடுகின்றனர். இப்போது வகுத்துப் பார்த்தால் வண்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 587 பேர். சராசரிக்கும் இதற்கும் மும்மடங்கிற்கு மேல் வேறுபாடு இருத்தலைக் காண்க.

ஆகவே வண்டியின் நீளம் என்பது ஒரு நாளின் கணக்கும் அன்று, ஒரு பாதையின் கணக்கும் அன்று. ஒரு திசையில், இரு நிலையங்களுக்கிடையே, ஒரு கால் மணி நேரத்தின் கணக்கு அது. எஞ்சிய நேரத்திலும் எஞ்சிய இடங்களிலும் வண்டி காலியாகத் தோன்றுவது இதனால்தான். பாதையின் கடைசி நிலையத்தில் வாழ்பவர், 'வெறும் வண்டியை ஓட்டுகிறார்களே' என்று வியப்பார். நகரத்திற்கு அருகில் வாழ்பவர், 'இடமில்லாத வண்டியை அனுப்புகிறார்களே' என்று நொந்துகொள்வார். இருவரும் பேசுவது ஒரே வண்டியைப் பற்றியே.

இரண்டு வழிகள்

கூட்டம் பெருகினால் அதனைச் சமாளிப்பதற்கு வழிகள் இரண்டு. வண்டியை நீளமாக்கலாம், அல்லது வண்டிகளை அடிக்கடி விடலாம். சிங்கப்பூரின் வடக்கு-தெற்குப் பாதையில் 1987-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் முதன்முதலாக ஓடிய பெருவிரைவு வண்டி ஆறு பெட்டிகள் கொண்டது. 1,920 பேர் செல்லலாம் என்பது அதன் வடிவமைப்புக் கணக்கு. 2009-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் முதற்பகுதி திறக்கப்பட்ட வட்டப் பாதையின் வண்டிக்குப் பெட்டிகள் மூன்றே. அதன் கணக்கு 931 பேர். ஆறு பெட்டி வண்டியை நான்கு நிமிடத்திற்கு ஒருமுறை விட்டால் மணிக்கு 28,800 பேர். மூன்று பெட்டி வண்டியை இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை விட்டால் மணிக்கு 27,930 பேர். ஏறக்குறைய இரண்டும் சமம்.

சமமாயின் எது நன்று? பயணிக்குச் சிறிய வண்டியே நன்று. ஏனெனில் அவர் காத்திருக்கும் நேரம் பாதியாகின்றது. கட்டுவோர்க்கும் சிறிய வண்டியே நன்று. ஏனெனில் நிலத்துக்கடியில் தோண்டப்படும் நிலையம் பாதியளவு நீளம் இருந்தாற் போதும். பாதாள நிலையத்தில் ஒவ்வொரு மீட்டரும் பெருஞ்செலவு. முற்காலத்தில் இதற்கு ஒரு தடை இருந்தது. வண்டி ஒன்றுக்கு ஓட்டுநர் ஒருவர் வேண்டும்; ஆறு பெட்டி வண்டிக்கும் ஒருவரே, மூன்று பெட்டி வண்டிக்கும் ஒருவரே. எனவே வண்டி சிறியதாகுந்தோறும் சம்பளச் செலவு கூடிற்று. ஓட்டுநர் இல்லாமலே ஓடும் வண்டிகள் வந்தபின் அத்தடை நீங்கிற்று. வட்டப் பாதை அத்தகையதே. இவ்வாறு பார்த்தால் மூன்று பெட்டி என்னும் முடிவு மதியற்றவர் செய்த முடிவு அன்று. அதனைக் கேலி செய்வோர் இதனைக் கருத வேண்டும்.

நிற்க. கணக்கில் சமமாய்த் தோன்றும் இவ்விரு வழிகளும் உண்மையில் சமமல்ல. நான்கு நிமிடத்திற்கு ஒருமுறை ஓடும் ஆறு பெட்டி வண்டியை, நாளை கூட்டம் இரட்டித்தால் இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை விடலாம். இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஓடும் மூன்று பெட்டி வண்டியை என்ன செய்வது? ஒரு நிமிடத்திற்கு ஒருமுறை விட இயலுமா?

இயலாது. முன்செல்லும் வண்டி திடீரென நின்றால் பின்வரும் வண்டி மோதாமல் நிற்பதற்குரிய தொலைவு இருவண்டிக்கும் இடையே எப்போதும் இருத்தல் வேண்டும். அதனினும் பெரிய தடை நிலையத்திலே வண்டி நிற்கும் நேரம். கதவு திறந்து, மக்கள் இறங்கி, மக்கள் ஏறி, கதவு மூடுவதற்கு நெரிசல் நேரத்தில் அரை நிமிடமோ முக்கால் நிமிடமோ ஆகின்றது. அவ்வண்டி புறப்பட்டு, அதன் வால் மேடையைக் கடந்த பின்னரே அடுத்தது உள்ளே வரலாம். கடைசி நிலையத்தில் வண்டி திசை மாறித் திரும்புவதற்கும் நேரம் வேண்டும். இவையெல்லாம் சேர்ந்து, மிகச் சிறந்த கருவிகள் இருந்தாலும், ஒன்றரை நிமிடத்திற்கும் இரண்டு நிமிடத்திற்கும் இடையே ஓர் எல்லையை வகுத்துவிடுகின்றன.

அவ்வெல்லையை நெருங்குந்தோறும் ஒரு வகை நோயும் தொடங்குகின்றது. ஒரு வண்டி அரை நிமிடம் தாமதமாக வருகின்றது என்க. அந்த அரை நிமிடத்தில் மேடையில் இன்னும் ஐம்பது பேர் சேர்ந்துவிடுகின்றனர். அவர்களை ஏற்றுவதற்கு இன்னும் சில நொடிகள் ஆகின்றன. அடுத்த நிலையத்திற்கு அவ்வண்டி இன்னும் தாமதமாகப் போகின்றது; அங்கு இன்னும் கூட்டம். பின்னால் வரும் வண்டிக்கோ ஆள் குறைவு. அது விரைந்து வந்து முன்வண்டியின் வாலைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றது. பத்து நிமிடம் காத்திருந்தவர்க்கு இரண்டு வண்டிகள் சேர்ந்து வருதலும், முதலாவது பிதுங்க இரண்டாவது காலியாக வருதலும் நாம் கண்ட காட்சியே. நீண்ட வண்டி இந்நோய்க்கு ஓரளவு மருந்து. பெட்டி மிகுந்தால் கதவும் மிகும். கதவு மிகுந்தால் ஏறி இறங்கும் நேரம் குறையும். சிங்கப்பூரில் 2020-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் முதற்பகுதி திறக்கப்பட்ட தாம்சன்-கிழக்குக் கடற்கரைப் பாதையின் வண்டி நான்கு பெட்டிகள் கொண்டது. அதன் ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்துக்கு ஐந்து கதவுகள் வைத்தனர். பழைய பாதைகளின் பெட்டிக்கு நான்கே. இந்த ஐந்தாம் கதவின் பயனை உணர்ந்து போற்றுவார் சிலரே.

நீட்டுவதற்கு என்ன தடை?

அடிக்கடி விடுவதற்கு எல்லை உண்டாயின், நீட்டுவதுதானே வழி? பெட்டி வாங்குவது பெரிய காரியம் அன்று. பணம் இருந்தால் இரண்டு மூன்று ஆண்டில் வந்து சேரும். வந்த பெட்டியை எங்கே நிறுத்துவது என்பதே இடர். மேடையின் நீளத்திற்கு மேல் வண்டி நீளுமாயின் கடைப்பெட்டியின் கதவு சுரங்கச் சுவரை நோக்கித் திறக்கும். சில நாடுகளில் மேடைக்கு வெளியே நிற்கும் பெட்டிகளின் கதவுகளைத் திறவாமல் விட்டு, பயணிகளை உள்ளேயே நடந்து வந்து இறங்கச் செய்கின்றனர். ஆள் குறைந்த நாட்டுப்புற நிலையத்திற்கு அம்முறை ஒத்துவரும். தோளோடு தோள் இடிக்கும் நகர வண்டிக்கு ஒவ்வாது.

மேடையொன்றே தடையும் அன்று. இரவில் வண்டிகள் உறங்கும் பணிமனையின் தண்டவாளங்கள் நீள வேண்டும். பழுது பார்க்கும் கொட்டகை நீள வேண்டும். வண்டி கழுவும் இடம் நீள வேண்டும். ஒற்றை வழிப் பாதையாயின், எதிரெதிர் வண்டிகள் ஒதுங்கும் இடமும் நீள வேண்டும். மின்சாரமும் மிகுதியாய் வேண்டும்.

இவை அனைத்தையும் ஒருங்கே காண விரும்புவோர் பம்பாய் நகரத்தின் வரலாற்றைப் பார்க்கலாம். அங்கே விக்டோரியா டெர்மினஸ் நிலையத்திலிருந்து குர்லாவிற்கு முதல் மின்வண்டி 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் ஓடிற்று. அதன் பெட்டிகள் நான்கு. இரண்டே ஆண்டில், 1927-இல், எட்டுப் பெட்டி வண்டிகள் வந்தன. 1961-இல் முதன்மைப் பாதையில் ஒன்பது, 1986-இல் பன்னிரண்டு, 2012-இல் பதினைந்து. மேற்கு இரயில்வேயின் பாதையில் பதினைந்து பெட்டி வண்டி 2009-லேயே ஓடத் தொடங்கிற்று. வாசிக்கும்போது படிப்படியாக ஏறும் ஏணிபோல் தோன்றுகின்றது. ஆனால், ஒவ்வொரு படிக்கும் இடையே எத்தனை ஆண்டு கழிந்தது என்பதையும் நோக்க வேண்டும். அதே நகரத்தின் துறைமுகப் பாதையை எடுத்துக்கொள்வோம். முதல் மின்வண்டி ஓடிய பாதை அதுவே. முதன்மைப் பாதை 1986-இல் பெற்ற பன்னிரண்டு பெட்டி வண்டியை அது பெற்றது 2016-இல். அண்ணனுக்கு வாங்கிய சட்டை தம்பிக்கு வர முப்பது ஆண்டு ஆயிற்று! மேடைகளை நீட்டுவதற்கு, குறிப்பாக நெருக்கமான தலைமை நிலையத்தில் நீட்டுவதற்கு, இடம் காண்பது அத்துணை அரிதாயிருந்தது.

மின்சாரத்தின் பங்கையும் அங்கே காணலாம். 1925-இல் அமைத்தது 1,500 வோல்ட் நேர் மின்னோட்டம். வண்டி நீளுந்தோறும் மோட்டார்கள் மிகுகின்றன. குறைந்த அழுத்தத்தில் அத்தனை மோட்டார்களுக்கும் ஆற்றல் தர வேண்டுமாயின் கம்பியில் ஓடும் மின்னோட்டம் அளவிறந்து பெருகும். கம்பி தடிக்க வேண்டும். துணை நிலையங்கள் நெருங்க வேண்டும். ஆகவே 25,000 வோல்ட் மாறு மின்னோட்டத்திற்கு மாறினர். நாள்தோறும் பல இலட்சம் மக்கள் ஏறி இறங்கும் பாதையை நிறுத்தாமலே இதைச் செய்ய வேண்டியிருந்ததால், மேற்குப் பாதையில் 2012-லும், மத்திய முதன்மைப் பாதையில் 2015-லும், துறைமுகப் பாதையில் 2016-லும்தான் பணி முடிந்தது.

பம்பாயில் மேடைகள் பெரும்பாலும் தரைமேல் உள்ளவை. நிலத்துக்கடியில் உள்ள மேடையை நீட்டுவதாயின் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு இலண்டன் மாநகரம் சான்று. வடக்கும் தெற்குமாக அந்நகரை ஊடுருவிச் செல்லும் டேம்ஸ்லிங்க் பாதையில் எட்டுப் பெட்டி வண்டியைப் பன்னிரண்டாக்க முனைந்தனர். கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் அப்பாதைக்கு இருந்த மேடைகளை நீட்ட வழியில்லை. 2007-இன் இறுதியில் அவற்றையே கைவிட்டு, அருகிலுள்ள செயின்ட் பாங்க்ரஸில் புதிய மேடைகளுக்கு மாறினர். பாரிங்டன் நிலையத்திலோ ஒருபுறம் செங்குத்தான சரிவு. மறுபுறம் மூர்கேட் என்னும் இடத்திற்குப் பிரியும் கிளைப்பாதை. மேடை நீள வேண்டுமாயின் கிளை பிரியும் இடத்தின் மீதே நீள வேண்டும். 2009 மார்ச்சில் அக்கிளைப்பாதையை ஒரேயடியாக மூடிவிட்டனர். நான்கு பெட்டிக்கு இடம் காண ஒரு கிளைப்பாதையையே பலியிட நேர்ந்தது.

சிங்கப்பூர் தந்த பாடம்

மீண்டும் வட்டப் பாதைக்கு வருவோம். அது நகர நடுவை ஊடுருவாமல் சுற்றிச் செல்வது. எனவே கூட்டம் மிதமாயிருக்கும் என்று மதிப்பிட்டு மூன்று பெட்டிக்குரிய மேடைகளையே கட்டினர். மேடையின் விளிம்பு முழுவதும் கண்ணாடிக் கதவுகள்; அவற்றிற்கு அப்பால் சுவர். ஆயின், சுற்றிச் செல்லும் பாதையின் இயல்பு ஒன்றுண்டு. அது மற்றப் பாதைகள் அனைத்தையும் வெட்டிச் செல்கின்றது. பீஷானிலும் சிராங்கூனிலும் பாய லேபாரிலும் புவன விஸ்தாவிலும் பிற பாதைகளின் மக்கள் அதனுள் வந்து கலக்கின்றனர். வேறொரு புதுப் பாதை திறக்குந்தோறும் வட்டப் பாதைக்கும் புதிய கிளையாறு ஒன்று வந்து சேர்கின்றது. தொடக்கத்தில் 40 வண்டிகள் வாங்கினர். பின்னர் 24 வண்டிகள் சேர்த்தனர். பாதையின் ஆறாம் பகுதிக்கென இன்னும் 23 வண்டிகளுக்குக் கட்டளையிட்டனர். இவையனைத்தும் மூன்று பெட்டி வண்டிகளே. வேறு வழியில்லை. பெருகும் கூட்டத்திற்கு இடைவெளியைக் குறைப்பது ஒன்றே அவர்கள் கையிலுள்ள கருவி. அக்கருவிக்கு எல்லையுண்டு என்பதை முன்னரே கண்டோம்.

இதற்கு நேர்மாறான ஒரு சிறு கதையும் அதே தீவில் உண்டு. செங்காங்கில் 2003-லும் பொங்கோலில் 2005-லும் தொடங்கிய இலகு ரயில் வண்டிகளுக்குப் பெட்டி ஒன்றே. தொடர் என்று சொல்வதற்கே இடமில்லாத தொடர்வண்டி! புதிய குடியிருப்புகள் எழ எழக் கூட்டம் பெருகிற்று. 41 பெட்டிகளுள் 16 பெட்டிகளை இணைத்து ஓடத்தக்கவாறு மாற்றி, புதியனவும் வாங்கி, 2016 ஜனவரி முதல் இரண்டு பெட்டி வண்டிகளை விட்டனர். நிலையங்களை இடிக்க வேண்டியிராமையால், சில பெட்டிகளை மாற்றியமைத்த அளவிலே காரியம் முடிந்தது. ஒற்றைப் பெட்டி ஓடிய பத்தாண்டிற்கும் மேற்பட்ட காலம் முழுவதும் மேடையின் ஒரு பகுதி வெறுமையாய்க் கிடந்தது. அன்று அதனை வீண் என்று சொல்லியிருப்பார் பலர்.

கோலாலம்பூரில் கிளானா ஜெயா பாதையும் அவ்வாறே. 1998-இல் இரண்டு பெட்டி வண்டிகளுடன் அது தொடங்கிற்று. நெரிசல் தாங்க முடியாத நிலை வந்தபின், 2009-இன் இறுதியில் நான்கு பெட்டி வண்டிகள் ஓடத் தொடங்கின. அதே மேடைகளில் அவை நின்றன.

நண்பகல் வண்டி

இரண்டாம் வினாவை மறந்துவிடலாகாது. நண்பகலில் ஏன் பெட்டிகளைக் கழற்றுவதில்லை?

கழற்றும் நாடுகள் உண்டு. டோக்கியோவிலிருந்து வடமேற்கே செல்லும் தக்கசாக்கிப் பாதையில், பதினைந்து பெட்டி வண்டி ககொஹரா என்னும் நிலையத்தில் ஐந்து பெட்டிகளை விட்டுவிட்டு, பத்துப் பெட்டிகளோடு மேலே செல்லும். பத்தும் ஐந்துமாகப் பிரியும் வகையிலேயே அவ்வண்டியை அமைத்துள்ளனர். ஒவ்வொரு பகுதிக்கும் இருபுறமும் ஓட்டுநர் அறை உண்டு. ஆனால், பிரிக்கும் இடத்தில் ஆள் வேண்டும், தண்டவாளம் வேண்டும், நேரம் வேண்டும். இணைப்பில் ஒரு பழுது நேர்ந்தால் காலை நேரத்து வரிசை முழுவதும் குலையும். முன்னிருந்து பின்வரை உள்ளேயே நடந்து செல்லத்தக்க நீண்ட ஒற்றை வண்டியாயின் பிரிப்பதற்கே இடமில்லை. இவற்றோடு ஒப்பிட்டால் நண்பகலில் காலிப் பெட்டிகளை இழுத்துச் செல்லும் மின்செலவும் சக்கரத் தேய்மானமும் குறைவு என்று பெரும்பாலோர் முடிவு செய்கின்றனர்.

மலேசியாவின் கொமுட்டர் சேவையிலே இம்முடிவின் இன்னொரு முகத்தைக் காணலாம். 1995-இல் மூன்று பெட்டி வண்டிகளோடு அச்சேவை தொடங்கிற்று. காலை மாலைகளில் அவ்வண்டிகள் பட்ட பாட்டை ரவாங், கிள்ளான், சிரம்பான் வட்டாரத்தார் அறிவர். 2010-இல் மகளிர்க்கெனத் தனிப் பெட்டி ஒதுக்கியதற்கும் அந்நெரிசலே பின்னணி. 2012-இல் சீனாவின் சூசோ தொழிற்சாலையில் செய்த 38 ஆறு பெட்டி வண்டிகள் ஓடத் தொடங்கின. கூட்டத்தின் முதல் வினாவிற்கு அது நல்ல விடையாயிற்று. ஆனால், அந்த ஆறு பெட்டியும் பிரியாத ஒரே தொடர். நெரிசல் இல்லாத நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை ஓடும் ஆறு பெட்டி வண்டியும், கால் மணிக்கு ஒருமுறை ஓடும் மூன்று பெட்டி வண்டியும் ஒரே எண்ணிக்கை இருக்கைகளையே தருகின்றன. பயணிக்கோ முன்னதினும் பின்னது எவ்வளவோ மேல். 2016-இல் தொடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கு இருவழிப் பாதைச் சீரமைப்பின்போது வண்டிகளுக்கிடையே இடைவெளி நீண்ட காலத்தில் பலர் கொமுட்டரை விட்டுச் சாலைக்குச் சென்றனர். இடமில்லாமற் சென்றாரில்லை, காத்திருக்க மாட்டாமற் சென்றனர். எமது கருத்து இதுவே: நெரிசல் நேரத்தில் நீளமும், மற்ற நேரத்தில் அடிக்கடி வருதலுமே பயணியைக் காப்பன. இரண்டில் ஒன்றைக் கொடுத்து மற்றதை மறுப்பது அரைச் சோறு போடுவதுபோல்.

ஆறிலிருந்து மூன்று

இத்துணையும் சொன்னது ஓர் அண்மைக்கால நிகழ்ச்சியைச் சரிவர எடைபோடுவதற்கே. பண்டார் உத்தாமாவிலிருந்து ஷா ஆலம் வழியாகக் கிள்ளானின் ஜொஹான் செத்தியா வரை, ஏறக்குறைய 37 கிலோமீட்டர் நீளத்திற்கு, மூன்றாவது இலகு ரயில் பாதையைத் திட்டமிட்டனர். கிள்ளான் வட்டாரத்தில் நம் மக்கள் எத்துணைத் தொகையினர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 2018 ஜூலையில், அப்போதைய நிதியமைச்சர் லிம் குவான் எங், திட்டச் செலவை 3,165 கோடி வெள்ளியிலிருந்து 1,663 கோடி வெள்ளியாகக் குறைக்கும் முடிவை அறிவித்தார். அக்குறைப்பில் 42 ஆறு பெட்டி வண்டிகள் 22 மூன்று பெட்டி வண்டிகளாயின. ஐந்து நிலையங்களும் நீக்கப்பட்டன. பெட்டிக் கணக்கில் சொன்னால் 252 பெட்டிகள் 66 ஆயின.

நாட்டின் கடன் சுமையை எண்ணிச் செலவைக் குறைத்ததில் நியாயம் இல்லையென்று சொல்ல வரவில்லை. புதிய பாதையில் முதல் நாளே கூட்டம் வந்துவிடாது. வராத கூட்டத்திற்காக 252 பெட்டிகளை வாங்கி வெயிலில் நிறுத்திவைப்பது மடமை. ஆனால், இத்தகைய குறைப்பிலே இரு வகை உண்டு. இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதிக் கூட்டிவிடுகின்றனர். வண்டியைக் குறைப்பது ஒரு வகை: செங்காங்கைப்போல், கிளானா ஜெயாவைப்போல், கூட்டம் வந்தபின் வாங்கிச் சேர்க்கலாம். மேடையையும் பணிமனையையும் குறைப்பது மற்றொரு வகை: அதன்பின் வட்டப் பாதையைப்போல் அடிக்கடி விடுதல் என்னும் ஒற்றைக் கருவியோடு நிற்க வேண்டும், அல்லது பாரிங்டனைப்போல் ஒன்றை வெட்டி ஒன்றை நீட்ட வேண்டும். மேடை நீளத்தில் மிச்சம் பிடிக்கும் பணத்தைச் செலவுக் குறைப்பு என்று எம்மால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. அது நம் பேரப்பிள்ளைகளிடம் வாங்கும் கடன்.

ஐந்து நிலையங்களின் கதை இதற்குள் ஓரளவு முடிந்துவிட்டது. 2018-இல் நீக்கிய அவற்றை மீண்டும் கட்டுவதென 2023 அக்டோபரில், 2024-ஆம் ஆண்டிற்கான வரவு செலவுத் திட்டத்தில், பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். அதற்கென மதிப்பிட்ட தொகை 470 கோடி வெள்ளி.